துளசி: மணம் போனால் குணம் போகும்

மார்கழி, தை மாதப் பனியில் வீட்டில் ஒரு பிள்ளை இருமினால், பாட்டியின் கை முதலில் போவது கொல்லையில் உள்ள துளசிச் செடிக்குத்தான். பத்து இலை, ஐந்து மிளகு, ஒரு துண்டு சுக்கு எல்லாம் ஒன்றாக அடுப்பில் ஏறும். கஷாயம் கொதிக்கக் கொதிக்க அதன் மணம் வாசல் வரை வீசும். மணம் நன்றாக வீசினால் கஷாயம் பக்குவமாகிவிட்டது என்று முடிவு செய்து இறக்குவது பல வீடுகளில் வழக்கம்.

உண்மையில் வாசல் வரை வீசிய அந்த மணம், குவளையில் இருந்திருக்க வேண்டிய மருந்தின் ஒரு பகுதியே ஆகும். துளசியின் மணமும் அதன் மருத்துவக் குணத்தில் பெரும்பங்கும் இலையிலுள்ள ஓர் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் அடங்கியிருக்கின்றன. அடுப்பில் மூடாமல் கொதிக்க வைத்தாலும், வெயிலில் பரப்பிக் காய வைத்தாலும், ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் அந்த எண்ணெய் நம் கையை விட்டுப் போய்விடும். ஆகவே, துளசியை மருந்தாகப் பயன்படுத்தும் குடும்பத்தினரும் மருந்துக்காகத் துளசி பயிரிடும் உழவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய முதற்பாடம் ஒன்றே: மணத்தைக் காப்பதுதான் குணத்தைக் காப்பது.

அதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு நல்ல துளசியானாலும் அதன் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தெரியாமல் கைவைத்தியத்திலேயே நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எது துளசி?

துளசிக்குப் பழந்தமிழில் துழாய் என்று பெயர். தாவர இயலில் ஓசிமம் டெனுய்ஃப்ளோரம் என்று அழைக்கப்படுகிறது. ஓசிமம் சாங்டம் என்ற பழைய பெயரும் நூல்களில் வழங்குகிறது. புதினாவும் கற்பூரவல்லியும் சேர்ந்த குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. தண்டு நான்கு பட்டையாக இருப்பதும், இலையைக் கசக்கினால் மணம் வீசுவதும் இக்குடும்பத்தின் பொது அடையாளங்கள்.

துளசியில் வெண்துளசி, கருந்துளசி என இரு வகைகள் உண்டு. வெண்துளசியின் இலையும் தண்டும் பச்சை நிறமானவை. கருந்துளசியின் தண்டும் இலை நரம்பும் கருஞ்சிவப்பு ஓடியவை. கருந்துளசியைக் கிருஷ்ண துளசி என்றும் கூறுவர். இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே. வைத்தியர்கள் பலர் மருந்துக்குக் கருந்துளசியை விரும்பிக் கேட்கிறார்கள்.

பெயரில் துளசி என்றிருப்பதெல்லாம் துளசி அல்ல. வேலியோரங்களிலும் தரிசிலும் தானாக முளைக்கும் நாய்த்துளசி வேறு இனம். இதற்குக் கஞ்சாங்கோரை என்றும் பெயர். திருநீற்றுப்பச்சிலை மற்றோர் இனம். கோடையில் குளிர்பானங்களில் ஊற வைத்துக் குடிக்கும் சப்ஜா விதை இந்தத் திருநீற்றுப்பச்சிலையின் விதையே தவிரத் துளசி விதை அல்ல. உயரமாகப் புதர்போல வளரும் எலுமிச்சைத் துளசியும், கற்பூர வாசனை வீசும் கற்பூரத் துளசியும் தனித்தனி இனங்கள். கற்பூரத் துளசி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன்கள் உண்டு. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மருந்தாகக் கொடுக்கக் கூடாது. நாற்று வாங்கும் உழவர்கள் தாய்ச்செடியின் இலையைக் கசக்கி முகர்ந்து, இனத்தை உறுதி செய்துகொண்ட பின்னரே வாங்குவது நல்லது.

இலையில் இருப்பது என்ன?

துளசி இலையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே எண்ணெய் உள்ளது. அந்தச் சிறு அளவில்தான் யூஜினால் என்னும் பொருள் முக்கியமாக அமைந்திருக்கிறது. கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதியாக இருப்பதும் இதே யூஜினால்தான். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் மரத்துப்போவதும், துளசி இலையை மென்றால் நாக்கில் சுருக்கென்று காரம் ஏறுவதும் இதனால்தான். கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் தன்மையும் யூஜினாலுக்கு உண்டு.

எண்ணெய் தவிர, ரோஸ்மரினிக் அமிலம், உர்சாலிக் அமிலம் போன்ற ஆவியாகாத பொருள்களும் இலையில் இருக்கின்றன. இவை கொதித்தாலும் எளிதில் போய்விடுவதில்லை. ஆகவே நெடுநேரம் கொதித்த கஷாயம் முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆனால் துளசிக்கே உரிய மணப்பொருள் அதில் குறைந்துபோயிருக்கும்.

எல்லாத் துளசியிலும் யூஜினால் ஒரே அளவில் இருப்பதில்லை. செடியின் ரகம், பருவம், அறுவடை செய்யும் காலம் இவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து மற்றும் நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் யூஜினால் மிகுந்த 'சிம் ஆயு' என்ற ரகத்தை உருவாக்கி அளித்துள்ளது. துளசியின் மரபணுத் தொகுதி முழுவதையும் இந்திய அறிவியலாளர்கள் 2015ஆம் ஆண்டில் படித்து வெளியிட்டார்கள். கொல்லைச் செடி என்று சாதாரணமாக எண்ணப்படும் துளசி, இவ்வாறு ஆராய்ச்சிக் கூடங்களிலும் இடம் பெற்றுள்ளது.

வைத்திய நூல்களில் துளசி

ஆயுர்வேதத்தில் துளசிக்குச் 'சுரசா' என்று ஒரு பெயர். சரக சம்ஹிதையில் மூச்சிரைப்பைத் தணிக்கும் பத்து மருந்துகளின் வரிசையில் சுரசா இடம் பெறுகிறது. சுஸ்ருத சம்ஹிதையில் ஒரு மருந்துத் தொகுதியே இதன் பெயரால் வழங்குகிறது.

சித்த மருத்துவத்தில் துளசி கார்ப்புச் சுவையும் வெப்பத் தன்மையும் உடையது என்று கூறப்பட்டுள்ளது. கபத்தைக் கரைத்து வெளியேற்றும் கோழையகற்றியாகவும், காய்ச்சலில் வியர்வையை உண்டாக்கும் வியர்வைப் பெருக்கியாகவும் இதைக் கருதுகிறார்கள். துளசி தனித்தும் மருந்தாகும். வேறு மருந்துகளுக்குத் துணை மருந்தாகவும் ஆகும். சூரணம், மாத்திரை முதலியவற்றைத் துளசிச் சாற்றிலும் தேனிலும் குழைத்துக் கொடுப்பது சித்த வைத்தியர்களின் நெடுநாளைய வழக்கம்.

2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்றுப் பரவியபோது மத்திய ஆயுஷ் அமைச்சகம் உடல் வலுவுக்கென ஒரு கஷாயத்தைப் பரிந்துரைத்தது. துளசி இலை 4 பங்கு, இலவங்கப் பட்டை 2 பங்கு, சுக்கு 2 பங்கு, மிளகு 1 பங்கு என்பது அதன் அளவு. இந்தத் தூளில் 3 கிராம் எடுத்து, கொதித்த நீர் 150 மில்லியில் இட்டுக் குடிக்கும்படி கூறப்பட்டது. தூளைக் கொதிக்க விடாமல், கொதித்த நீரில் இடச் சொன்ன பக்குவத்தை இங்கே கவனிக்க வேண்டும். அதே காலத்தில் தமிழகத்தில் பரவலாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரில் துளசி சேர்ந்திருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் உள்ள 15 சரக்குகளில் ஆடாதோடை, கற்பூரவல்லி, நிலவேம்பு முதலியவை உண்டு, துளசி இல்லை.

வீட்டுப் பக்குவங்கள்

சளி, தொண்டைக் கரகரப்பு, சாதாரண இருமல் ஆகியவற்றுக்குத் துளசிக் கஷாயம் ஏற்றது. சுக்கையும் மிளகையும் தட்டி இரண்டு குவளை நீரில் இட்டு, ஒரு குவளையாகச் சுண்டும்வரை முதலில் கொதிக்க வைக்க வேண்டும். இவை கடினமான சரக்குகள். கொதித்தால்தான் சாரம் இறங்கும். பின்பு அடுப்பை அணைத்துவிட்டு, கழுவிய துளசி இலை 10 முதல் 15 வரை கிள்ளிப் போட்டு உடனே தட்டால் மூடிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திறந்து வடிகட்டலாம். தட்டின் அடியில் கோத்து நிற்கும் நீர்த்துளிகளையும் பாத்திரத்திலேயே விட வேண்டும். ஆவியோடு மேலே போன மணம் அத்துளிகளில்தான் இருக்கிறது. கஷாயம் இளஞ்சூடாக இருக்கும்போது பனங்கற்கண்டு சேர்த்துப் பருகலாம்.

சாறு எடுக்க வேண்டுமானால், கழுவி நீர் வடித்த இலையை இடித்துப் பிழியலாம். துளசி இலையில் நீர்ப்பசை குறைவாதலால் சாறு எளிதில் இறங்காது. அதனால் இடித்த இலையைப் பிட்டு அவிப்பதுபோல ஆவியில் சிறிது நேரம் மூடி அவித்து, பிறகு துணியில் கட்டிப் பிழிவார்கள். சித்த மருத்துவத்தில் இதற்குப் பிட்டவியல் என்று பெயர். பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டியும், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அரைத் தேக்கரண்டியும் தேனில் கலந்து காலை, மாலை கொடுப்பது வழக்கம். இரண்டு மூன்று நாளுக்கு இது போதும்.

பூச்சி கடித்துத் தடித்த இடத்தில் இலையைக் கசக்கித் தடவுவதும், படர்தாமரைக்கு இலைச்சாற்றை எலுமிச்சம் பழச் சாற்றோடு சேர்த்துப் பூசுவதும் கிராமங்களில் வழக்கத்தில் உள்ளன. எரிச்சல் கண்டால் உடனே கழுவிவிட வேண்டும். படர்தாமரை ஒரு வாரத்தில் அடங்காமல் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகள் அப்போதைக்கு அரிப்பைத் தணித்து, நோயை உள்ளுக்குள் வளர்த்துவிடக் கூடும்.

செய்யக் கூடாதவை

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் துளசிச் சாற்றைத் தேனில் குழைத்து நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக் கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் இளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு குழந்தையின் தசைகளைத் தளரச் செய்து, மூச்சையே நிறுத்திவிடக் கூடும். பெரியவர்களின் குடலுக்கு அந்த வித்துகளைத் தாங்கும் சக்தி உண்டு, கைக்குழந்தைக்கு இல்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காதிருப்பதே முறை.

காதுவலிக்குத் துளசிச் சாற்றைக் காதில் விடுவதும், கண் சிவந்தால் கண்ணில் பிழிவதும் கூடாது. காதின் ஜவ்வு கிழிந்திருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையால் பிழிந்த சாறு எவ்வளவு தூய்மையாகத் தோன்றினாலும் அதில் கிருமிகள் இருக்கும்.

துளசி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களின் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் சிறு பிள்ளைகளைப் போர்வையால் மூடி உட்கார வைக்கவே கூடாது. ஒரு நொடியில் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளையின் மடியிலும் தொடையிலும் கொதிநீர் கொட்டிவிடும். சளி ஒரு வாரத்தில் போகும். வெந்த தழும்பு வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

கருவுற்ற பெண்களும் கருத்தரிக்க விரும்புவோரும் துளசியை மருந்தளவில் நாள்தோறும் உட்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது. அதிக அளவில் கொடுத்தபோது இனப்பெருக்கம் பாதிக்கப்படுவது விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் காணப்பட்டது. கோயில் தீர்த்தத்தில் மிதக்கும் இரண்டொரு இலைக்கு இது பொருந்தாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போரும் துளசி உட்கொள்வதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆய்வுகள் காட்டுவது

துளசியை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 24 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மன அழுத்தம், நோய் எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றில் நன்மை தென்பட்டதாகவும், பெரிய பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை என்றும் அது கூறியது. எனினும் அவற்றில் பல, சிறு எண்ணிக்கையினரிடம் குறுகிய காலம் நடத்தப்பட்டவை.

சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், துளசி இலை உட்கொண்ட காலத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 17.6 சதவீதமும், உணவுக்குப் பிந்திய சர்க்கரை 7.3 சதவீதமும் குறைந்தன. இதைக் கேட்டவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டுத் துளசிக்கு மாறுவது பெருந்தவறு. வெறும் வயிற்றில் 200 இருக்கும் சர்க்கரை 17.6 சதவீதம் குறைந்தாலும் 165 அளவில்தான் நிற்கும். அதுவும் அதிகமே. மாத்திரையோடு துளசியையும் நாள்தோறும் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். ஆகவே மருத்துவருக்குத் தெரியாமல் இரண்டில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கைவைத்தியம் நிற்க வேண்டிய இடம்

சாதாரண சளி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே அடங்கும். துளசி அந்த வாரத்தைச் சற்று இதமாகக் கழிக்க உதவும். ஆனால் நுரையீரல் காய்ச்சல் எனப்படும் நிமோனியாவும் இருமலோடுதான் தொடங்குகிறது. அதற்குத் துளசி மருந்தல்ல. இரண்டையும் பிரித்தறியத் தாய்மார்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை 50 தடவைக்குக் குறையாமல் மூச்சு விட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளை 40 தடவைக்குக் குறையாமல் மூச்சு விட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பிள்ளை பால் குடிக்க முடியாமல் துவண்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாது. வண்டி வசதி இல்லாத ஊர்களில் 108 எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குளிர் காய்ச்சலானால் மலேரியாவுக்கும், மழைக்காலக் காய்ச்சலில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு தோன்றினால் டெங்குவுக்கும் இரத்தம் பார்ப்பது இன்றியமையாதது. துளசிக் கஷாயம் வியர்வையை வரவழைத்துக் காய்ச்சலைச் சற்றே தணித்ததைக் கண்டு, நோய் தீர்ந்துவிட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது.

மருந்துக்குப் பயிரிடல்

நல்ல வடிகால் வசதியுள்ள செம்மண்ணும் வண்டல் மண்ணும் துளசிக்கு ஏற்றவை. நீர் தேங்கினால் வேர் அழுகும். விதை மிகவும் நுண்ணியதாதலால் ஏக்கருக்கு 120 முதல் 150 கிராம் வரை போதுமானது. ஒரு பங்கு விதையோடு நான்கு பங்கு மணல் கலந்து மேட்டுப்பாத்தியில் தூவி, சலித்த தொழு உரத்தால் மெல்லிய போர்வையாக மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு நாளில் முளைக்கும். ஆறு வார நாற்றை 40 செ.மீ. இடைவெளி விட்டு மாலை வேளையில் நட வேண்டும். கடைசி உழவில் ஏக்கருக்கு 4 டன் மக்கிய தொழு உரம் இடுவது நன்று. இரசாயன உரத்தை மண் பரிசோதனையின்படி அளவாக இட்டால் போதும். முதல் மாதத்தில் களை மண்டினால் இளஞ்செடி எழும்பாது. அறுவடையின்போது துளசியோடு பிற களைச் செடிகளும் கலந்துவிடும். ஆகவே களையெடுப்பு இரு வகையிலும் முக்கியம்.

தெளிக்கும் மருந்து யார் வாயில்?

இலைச் சுருட்டுப் புழுவும், இலையின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் வலைபோன்ற இறகுடைய சிறு பூச்சியும் துளசியைத் தாக்குகின்றன. சாம்பல் நோயும் வேரழுகலும் காண்பது உண்டு. சுருண்ட இலைகளைக் கிள்ளி அழிப்பதும், 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் ஆரம்பத்திலேயே செய்தால் போதுமானவை. வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த பின்பும் இரண்டு வாரம் கழித்தே இலை பறிக்க வேண்டும். வீரியமான பூச்சிமருந்துகளை இப்பயிரில் அறவே தவிர்க்க வேண்டும்.

தோவாளை, மதுரை போன்ற ஊர்களின் பூச்சந்தைகளில் மல்லிகைக்குப் பக்கத்தில் துளசியும் குவிந்து கிடக்கும். மாலைக்குத்தானே போகிறது, மருந்தடித்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பெருமாளுக்குச் சாற்றிய துளசி பிரசாதமாகப் பக்தர்களின் கைக்கு வருகிறது. அவர்கள் அதை வாயில்தான் போட்டுக் கொள்கிறார்கள். மாலை கட்டியதில் மிஞ்சியது சில வீடுகளில் கஷாயத்துக்கும் போகிறது. கத்தரிக்காயைக் கழுவுகிறோம், வேக வைக்கிறோம். துளசியைப் பலர் கழுவாமலே வாயில் இடுகிறார்கள். ஆகவே துளசியில் மாலைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்ற பேதம் கிடையாது. பயிரிடுவது எல்லாமே உண்ணும் துளசி என்று எண்ணியே வளர்க்க வேண்டும். பூக்கடையில் வாங்கிய துளசியை மருந்துக்குப் பயன்படுத்தாமல், வீட்டுத் தொட்டியில் இரண்டு செடி வளர்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

அறுவடையும் உலர்த்தலும்

நட்ட 90 நாளில் முதல் அறுவடைக்கு வரும். பிறகு 75 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. விட்டு அறுத்தால் செடி மறுபடி நன்றாகத் துளிர்க்கும். இலைக்காக அறுப்பதானால் பூங்கதிர் முற்றுவதற்கு முன்பும், எண்ணெய்க்காக அறுப்பதானால் நன்கு பூத்த நிலையிலும் அறுக்க வேண்டும். மழை பெய்த மறுநாளும், நீர் பாய்ச்சிய மறுநாளும் அறுக்கக் கூடாது. வெயில் தெளிந்த நாளில் பனி உலர்ந்த பின் அறுப்பதே சரியானது.

அறுத்த துளசியைக் களத்திலோ தார்ச்சாலையிலோ வெயிலில் கொட்டிக் காய வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும். பார்வைக்கும் வேலை முடிந்ததுபோல் இருக்கும். ஆனால் இலை கருத்து, மணம் பறந்து, வைக்கோலைப் போலாகிவிடும். காற்றோட்டமான கொட்டகையில், தரைக்கு மேலே கட்டிய வலையிலோ சுத்தமான பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை கிளறி நிழலில் உலர்த்த வேண்டும். ஐந்தாறு நாளில் காயும். கைக்குள் வைத்துக் கசக்கினால் இலை நொறுங்க வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடித்து முழுச்சரக்கும் பாழாகும். ஐந்தாறு கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு நிற்கும் என்பதைக் கணக்கில் வைத்து விலை பேச வேண்டும்.

காய்ந்த இலையைப் புதிய சாக்குகளில் கட்டி, மரப்பலகை மேல் இருட்டான அறையில் அடுக்க வேண்டும். உரமோ பூச்சிமருந்தோ வந்த பழைய சாக்கை உதறிக் கழுவிப் பயன்படுத்துவது மன்னிக்க முடியாத தவறு. ஒவ்வொரு மூட்டையிலும் வயலின் பெயரையும் அறுத்த தேதியையும் எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஓராண்டுக்கு மேல் கிடந்த சரக்கில் மணம் மங்கிவிடும்.

விற்பனைக்கு வழி தெரிந்த பின்பே நாற்றங்கால் விட வேண்டும். வாங்குபவருக்கு வேண்டியது பச்சைத் தழையா, உலர்ந்த இலையா, வேரோடு கூடிய முழுச்செடியா, எண்ணெயா என்பதை முன்னதாகவே பேசி எழுதிக்கொள்வது பிற்கால மனக்கசப்பைத் தவிர்க்கும். தமிழ்நாட்டு மூலிகைப் பண்ணைகள் மற்றும் மூலிகை மருந்துக் கழகமான டாம்ப்கால் 1983ஆம் ஆண்டிலும், தேசிய மருந்துத் தாவர வாரியம் 2000ஆம் ஆண்டிலும் ஏற்படுத்தப்பட்டன. பயிரிடும் முன் அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலரை அணுகி, நடப்பிலுள்ள உதவித் திட்டங்களைக் கேட்டறியலாம்.

நெல்லில் பதர் இருந்தால் வாங்குபவர் முறத்தில் புடைத்துப் பார்த்துவிடுவார். துளசித் தூளில் குணம் இருக்கிறதா, நஞ்சு இருக்கிறதா என்பதை அதை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாயால் பார்க்க முடியாது. அதை அறிந்தவர் வளர்த்து உலர்த்திய உழவர் ஒருவரே. அவர் மணம் குன்றாமல், நஞ்சு படாமல் அனுப்பும் இலையை, அடுப்படியில் இருப்பவர் மூடி போட்டுப் பக்குவம் செய்து கொடுப்பாராக. இரண்டு நாள் பார்த்தும் பிள்ளையின் மூச்சு வேகமாக ஓடினால், குவளையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்கு நடப்பாராக என்று சொல்வது தவறு. வேக மூச்சு கண்ட அந்த நிமிடமே புறப்பட வேண்டும்.